வலைக்குப் பின்னால் மூன்று மீட்டர்

புனே நகரின் வானிலைச் செய்தியில் சிவாஜிநகர், பாஷாண் ஆகியவற்றோடு லோஹேகாவ் என்ற பெயரும் அடிபடும். விமானப்படைத் தளமும் நகரின் விமான நிலையமும் இருக்கிற இடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 590 மீட்டர் உயரம். ஜனவரி விடியற்காலையில் மஃப்ளரும் குல்லாயுமாக ஆட்கள் நடமாடுவார்கள். ஆனால் தண்ணீரை உறையவைக்கும் சக்தி அந்த ஊர்க் குளிருக்குக் கிடையாது.

அங்கே ஓர் ஐஸ் ஹாக்கித் தளம் அமைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி உறையவைக்க வேண்டும். அதற்கு 45 டன் தண்ணீர் வேண்டும். 28 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 118 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். உறையவைக்க இன்னும் 334. உறைந்ததை மைனஸ் 5 டிகிரிக்கு இறக்க ஒரு 10. எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 5,800 யூனிட் வெப்பம். குளிர்பதன இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டாலும் 1,900 யூனிட் மின்சாரம் செலவாகிவிடும். இது உறையவைப்பதற்கு மட்டும். அதன்பிறகு கூரையும் விளக்குகளும் ஆட்களின் மூச்சும் வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் ஓய முடியாது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டிய உள்ளரங்க ஐஸ் தளம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி உயிர் பெற்றது. கட்டுவது ஒருமுறைச் செலவு, ஓட்டுவது தினச்செலவு.

அப்படியிருக்க ஐஸ் ஹாக்கி அத்தியாயத்தை லோஹேகாவில் ஏன் தொடங்க வேண்டும்? அந்த ஆட்டத்தில் கோல்கீப்பரின் வேலைகளில் ஒன்று விசித்திரமானது. பார்வையாளர் அதிகம் கவனிக்காதது. பயிற்சியாளர்கள்கூட ரொம்ப காலம் பொருட்படுத்தாதது. பந்துக்குப் பதிலாக அங்கே ஓடும் ரப்பர் வட்டை, அதாவது பக்கை, மட்டையால் நிறுத்தி, பிடித்து, சக ஆட்டக்காரருக்குத் தள்ளிவிடும் வேலை. அதன் இயற்பியலில் பெரும்பகுதிக்கு ஐஸே வேண்டியதில்லை. ஒரு சுவர் போதும் என்று சொல்லும் அளவுக்குப் போவேன்.

முதலில் நமக்குப் பழகிய ஹாக்கியைப் பார்த்துவிடலாம். லோஹேகாவுக்கு மேற்கே, நகரத்தின் அந்தப் பக்கம், கட்கி கண்டோன்மென்ட். 1968 ஜூலை 16 அன்று அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான் தன்ராஜ் பிள்ளை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடியவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. புனேக்காரர்களிடம் ஹாக்கி என்று சொன்னால் இந்த ஹாக்கிதான் நினைவுக்கு வரும். தன்ராஜ் விரட்டிய பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. ஐஸ் ஹாக்கி வட்டின் எடை 156 முதல் 170 கிராம் வரை. கையில் எடுத்தால் எடையில் வித்தியாசம் தெரியாது. ஒன்று உருண்டை, மற்றது 7.6 சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் கனமும் உள்ள தட்டை ரப்பர். கோல் அளவு மட்டும் வெகுவாக மாறுகிறது. தரை ஹாக்கியில் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். ஐஸ் ஹாக்கியில் அகலம் சரியாக அதில் பாதி, 1.83 மீட்டர். உயரம் 1.22 மீட்டர், நடுத்தர உயரமுள்ள ஆளின் மார்பைத் தாண்டாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தரை ஹாக்கியில் பந்து பின்கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நின்றுவிடும். ஐஸ் ஹாக்கியில் கோல் கோட்டுக்குப் பின்னாலும் ஆட்டம் நடக்கும். சர்வதேசத் தளத்தில் கோல் கோட்டுக்கும் கடைசிப் பலகைச் சுவருக்கும் இடையே 4 மீட்டர். வலையின் ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். மிச்சமிருக்கும் ஏறக்குறைய மூன்று மீட்டர் சந்துதான் நம் கதையின் களம். தரை ஹாக்கி கோல்கீப்பருக்கு முதுகுப்பக்கம் கவலை கிடையாது. இந்தியக் கோல்கீப்பராக இருந்த ஸ்ரீஜேஷ் பந்தைக் காலால் பக்கவாட்டில் உதைத்துவிட்டால் பெரும்பாலும் ஆபத்து நீங்கியது. கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே தரை ஹாக்கி கோல்கீப்பர் மட்டையால் மட்டுமே பந்தைத் தொடலாம், 23 மீட்டர் பகுதியைத் தாண்டி ஆடவே கூடாது. ஐஸ் ஹாக்கி கோல்கீப்பருக்கோ முதுகுக்குப் பின்னால் ஒரு தெருவே இருக்கிறது. அந்தத் தெருவில் முதலில் போய் நிற்பது யார் என்பதில் பல ஆட்டங்களின் போக்கு மாறியிருக்கிறது.

வட்டு ஏன் அவ்வளவு தூரம் ஓடுகிறது? சிமென்ட் தரையில் ரப்பர் வட்டை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தள்ளினால், உராய்வு எண் 0.5 என்று கொண்டால், பத்து மீட்டரில் நின்றுவிடும். ஐஸில் அந்த எண் 0.1 அளவில் இருக்கும். அதே தள்ளலில் வட்டு 50 மீட்டர் போகும். ஏறக்குறைய முழுத் தளமும்.

ஐஸ் வழுக்குவதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் காரணம், அழுத்தம் உருகுநிலையைக் குறைக்கிறது என்பது. 1886-இல் ஜான் ஜாலி சறுக்குக் காலணிக்கு இந்த விளக்கத்தைக் கொடுத்தார். காலணியின் கூரிய விளிம்புக்காவது அதில் கொஞ்சம் பொருள் இருக்கும். வட்டுக்கு இது செல்லவே செல்லாது. 165 கிராம் எடை 45 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால் வரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் முந்நூறில் ஒரு பங்குதான். ஓர் அட்டைப்பெட்டி மேசைமேல் உட்காரும் அழுத்தம். அது எதையும் உருக்காது. ஐஸின் மேற்பரப்பிலேயே, அழுத்தம் எதுவும் இல்லாமல், நீர்போன்ற மெல்லிய படலம் இருப்பதாக 1850 வாக்கிலேயே மைக்கேல் ஃபாரடே சந்தேகித்தார். மேல் அடுக்கு மூலக்கூறுகளுக்குத் தலைக்குமேல் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. எனவே அவை தளர்வாக அசைந்துகொண்டிருக்கின்றன. அதோடு 1939-இல் பவுடனும் ஹியூஸும் உராய்வின் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். 2018-இல் ஆம்ஸ்டர்டாம், மைன்ஸ் ஆய்வாளர்கள் எஃகை ஐஸ்மேல் உரசிப் பார்த்தபோது மைனஸ் 7 டிகிரியை ஒட்டி வழுக்கல் உச்சத்தில் இருந்தது. அதைவிடக் குளிர்ந்தால் மூலக்கூறுகள் அசைவற்றுப் போகின்றன. அதைவிடச் சூடானால் ஐஸ் மென்மையாகி, மேலே ஓடுவது அதை உழுதுகொண்டு போகிறது.

கோல்கீப்பருக்கு இது பாடநூல் விஷயம் அல்ல. விடியற்காலை ஐஸில் வட்டு சீக்கிரம் களைக்கும். மதிய வெயிலில் தண்ணீர் கசிந்த ஐஸிலும் களைக்கும். இடைப்பட்ட நேரத்தில் நிற்காமல் ஓடும். அவர் எவ்வளவு முன்கூட்டிக் கிளம்ப வேண்டும் என்பது ஒவ்வொரு நாளும் மாறும்.

இப்போது அந்தச் சந்துக்குள் வருவோம். எதிரணி மையக்கோட்டைத் தாண்டியதும் வட்டைப் பலகைச் சுவரோரமாக ஓங்கி அடித்துவிடும். நேராகக் கோலை நோக்கி அல்ல. அது சுவரைத் தழுவியபடி மூலையில் வளைந்து, வலைக்குப் பின்னால் வந்து, மறுபக்க மூலைக்குப் போகும். அங்கே அவர்களுடைய ஆள் காத்திருப்பார். இதற்கு 'ரிம்' என்று பெயர். வினாடிக்கு 25 மீட்டரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 90 கிலோமீட்டர். நேர்ச்சுவரில் 21 மீட்டர், மூலை வளைவில் 13 மீட்டர், பின்சுவரில் ஆறரை மீட்டர். மொத்தம் நாற்பதரை மீட்டர்.

மூலையில் அது எவ்வளவு வேகம் இழக்கும்? இங்கே ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. மூலை எவ்வளவு வட்டமாக இருந்தாலும், எவ்வளவு குறுகலாக இருந்தாலும், இழப்பு ஒன்றுதான். குறுகிய வளைவில் வட்டு சுவரைப் பலமாக அழுத்தும், ஆனால் உரசும் தூரம் குறைவு. அகன்ற வளைவில் மெதுவாக அழுத்தும், உரசும் தூரம் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது திரும்பிய கோணமும் உராய்வு எண்ணும் மட்டுமே. படகின் கயிற்றைக் கரையில் உள்ள கட்டையில் சுற்றும்போது, கட்டை பருத்ததா மெலிந்ததா என்பது முக்கியமில்லை, எத்தனை சுற்று என்பதுதான் முக்கியம் அல்லவா? அதே சமன்பாடுதான் இது, ஒரு குறிகூட மாறாமல். சுவரில் உராய்வு 0.2 என்று கொண்டால், கால்வட்டம் திரும்பியதும் வட்டிடம் 73 விழுக்காடு வேகம் மிஞ்சும். வலைக்குப் பின்னால் அது வினாடிக்கு 17 மீட்டர் அளவில் வந்து சேரும். விட்டுவிட்டால் அடுத்த மூலையில் மீண்டும் கால்பங்கு போய் 12 மீட்டராகும். எதிரணி ஆள் பிடிப்பதற்குச் சௌகரியமான வேகம்.

நேரத்தையும் பார்த்துவிடலாம். அடித்த கணத்திலிருந்து வட்டு வலைக்குப் பின்னால் வர ஏறத்தாழ 1.9 வினாடி. எதிரணியின் வேகமான முன்னணி ஆள், தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டை வட்டு தாண்டும் கணத்தில் தானும் தாண்டி வினாடிக்கு 9 மீட்டரில் பாய்ந்தால், அதே இடத்துக்கு 2.7 வினாடியில் வருவார். வித்தியாசம் 0.8 வினாடி. அதற்குள் கோல்கீப்பர் வட்டை நிறுத்தி, தன் தடுப்பாட்டக்காரருக்கு வைத்துவிட்டு, கோல் வாசலுக்குத் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் உடம்பில் பதினெட்டு, இருபது கிலோ கவசம் தொங்குகிறது. அவருடைய சறுக்குக் காலணியின் அலகு மற்றவர்களுடையதைவிடத் தட்டையானது. பக்கவாட்டில் நகரச் சுலபம், சட்டென வளைந்து ஓடக் கஷ்டம். போகிறபோது ஒருமுறை தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தாக வேண்டும், யார் எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று. பார்க்காமல் போன கோல்கீப்பர் வட்டை அழகாக நிறுத்துவார். பிறகு என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் சுவரோடு சுவராக நசுங்குவார், வலை திறந்து கிடக்கும்.

நிறுத்துவதே ஒரு கைவேலை. மட்டையின் அலகைச் சுவரில் ஒட்ட வைக்க வேண்டும். விளிம்பு ஐஸில் படிந்திருக்க வேண்டும், இம்மி இடைவெளி விட்டால் வட்டு அதன் வழியே போய்விடும். அலகு சற்று முன்னால் சாய்ந்திருந்தால் வட்டு மேலே ஏறாது. சுவருக்கும் அலகுக்கும் இடையே உருவாகும் ஆப்பு வடிவச் சந்தில் வட்டு சிக்கி, இருபுறமும் முட்டி முட்டித் தன் வேகத்தைத் தொலைக்கும். அப்படியும் துள்ளினால் தடுக்க, காலின் தடித்த பேட் அலகுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தால் வட்டு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் செத்துக் கிடக்கும். ஓடி வரும் தடுப்பாட்டக்காரர் வேகம் குறைக்காமல் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

வட்டைப் போட்டிக்கு முன் உறையவைப்பதும் இதற்குத்தான். ரப்பர் அறை வெப்பத்தில் நன்றாகத் துள்ளும். உள்ளே வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். குளிரில் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சோம்பேறிகளாகின்றன. வாங்கிய ஆற்றலை உரிய நேரத்தில் திருப்பாமல் உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கிவிடுகின்றன. எனவே பெரிய போட்டிகளில் வட்டுகள் உறைபெட்டியில் காத்திருக்கும். ஆட்டத்தின் நடுவே சூடானவற்றை மாற்றுவார்கள்.

சுவர் இல்லாத இடத்தில், எதிரே வரும் வட்டை வாங்கும்போது வேறு உத்தி. வினாடிக்கு 17 மீட்டரில் வரும் 165 கிராம் வட்டை, விறைத்த மட்டை 5 மில்லிவினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 560 நியூட்டன். ஓர் ஆளின் எடைக்குப் பக்கம். வட்டு தெறித்துப் போகும். அதே வட்டை, மட்டையைப் பின்னிழுத்தபடி 50 மில்லிவினாடியில் நிறுத்தினால் 56 நியூட்டன்தான். அதற்குத் தேவையான பின்னிழுப்பு 43 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு முழம். நல்ல கோல்கீப்பரின் கைகள் 'மெத்தை' என்று பயிற்சியாளர்கள் சொல்வார்களே, அந்த மெத்தையின் கனம் இந்த ஒரு முழம்.

நிறுத்தியாயிற்று. அடுத்து அனுப்ப வேண்டும். கோல்கீப்பரின் மட்டை மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. கீழ்ப்பகுதி துடுப்பைப்போல் அகன்றது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் விதிப்படி அந்த அகன்ற பகுதி அடியிலிருந்து 26 அங்குலம் வரை மேலேறலாம், அகலம் 3.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தடுப்பதற்கு இது தோதானது. அனுப்புவதற்கு, எடை கூடிய கொம்பு. போதாக்குறைக்கு வலது கையில் பலகைபோன்ற பிளாக்கர், இடது கையில் வட்டைப் பிடிக்கும் பெரிய கையுறை. விரல்கள் எதையும் நேரடியாக உணர முடியாது. இந்த நிலையில் வலது கையை மட்டையின் உச்சிக்கு ஏற்றி, இடது கையுறையால் துடுப்புக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும்.

அந்த இடது கைதான் சிக்கல். கையுறையை அடியிலிருந்து மேல்நோக்கித் தாங்கிப் பிடிப்பது இயல்பு; ஆனால் மட்டையைக் கீழே அழுத்த முடியாது, வட்டு தவழ்ந்துதான் போகும். டல்லாஸ் ஸ்டார்ஸ் அணிக்கு ஆடிய மார்ட்டி டர்கோ கையுறையைப் புரட்டி, உள்ளங்கை கீழ்நோக்க மேலிருந்து பிடித்தார். இப்போது உடம்பின் எடையையே மட்டைமேல் இறக்கலாம். மட்டை வளைந்து, நிமிரும்போது அந்த ஆற்றலை வட்டுக்குக் கொடுக்கும். இந்தப் பிடிக்கு இன்றும் அவர் பெயர்தான். உள்ளபடியே இது நெம்புகோல் கணக்கு: மேற்கை இழுக்க, கீழ்க்கை அழுத்த, இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூடக் கட்டுப்பாடு கூடும், வேகம் சற்றுக் குறையும். எனக்குக் கட்டுப்பாடுதான் பெரிதாகத் தெரிகிறது. நெடுந்தூரம் அடிக்கும் கோல்கீப்பரைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். மூன்று மீட்டர் தள்ளி, தட்டையாக, எதிர்பார்த்த இடத்தில் வைப்பவரால்தான் அணி பிழைக்கிறது.

தட்டையாகப் போக வேண்டுமென்றால் வட்டு சுழல வேண்டும். அலகின் அடிப்பகுதியில் வைத்து நுனிவரை உருட்டிவிட்டால் வட்டு தன் அச்சில் சுழன்றபடி கிளம்பும். காற்றில் போனால் இந்தச் சுழற்சி அதைக் குப்புறப் புரளாமல் காக்கும். தரையில் சறுக்கும்போது நடப்பது இன்னும் வேடிக்கை. உராய்வு ஒவ்வொரு புள்ளியிலும் அந்தப் புள்ளி நகரும் திசைக்கு எதிராக வேலை செய்கிறது. சுழலும் வட்டின் வெவ்வேறு புள்ளிகள் வெவ்வேறு திசையில் நகர்வதால், உராய்வின் ஒரு பகுதி சுழற்சியை அடக்குவதில் செலவாகிவிடுகிறது. முன்னோட்டத்தை மறிக்கும் பங்கு குறைகிறது. ஆகவே சுழலும் வட்டு, சுழலாத வட்டைவிடத் தூரம் போகும். 2003-இல் ஃபார்க்கஷும் அவருடைய சகாக்களும் இதைக் கணக்கிட்டபோது இன்னொன்றும் கிடைத்தது. எந்த வேகத்தில் தள்ளினாலும், எந்த வேகத்தில் சுழற்றினாலும், தட்டை வட்டின் ஓட்டமும் சுழற்சியும் ஒரே கணத்தில் நிற்கும். சுற்றி முடித்துவிட்டுச் சும்மா ஓடுவதும் இல்லை, ஓடி முடித்துவிட்டு நின்ற இடத்தில் சுற்றுவதும் இல்லை. கேரம் காயை மெதுவாகச் சுழற்றித் தள்ளி வீட்டிலேயே பார்க்கலாம்.

வலையை விட்டு வெளியே வந்து வட்டை நிறுத்தி அனுப்பும் இந்த வித்தையைக் கோல்கீப்பரின் இலக்கணத்தில் சேர்த்தவர் என்று மான்ட்ரியால் கனேடியன்ஸின் ஜாக் பிளாண்டைத்தான் சொல்கிறார்கள். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு முகத்தைக் கிழிக்க, தையல் போட்டுக்கொண்டு முகமூடியோடு மைதானத்துக்குத் திரும்பியவர். முகமூடிக் கதை பிரபலம். வலைக்குப் பின்னால் போய் ரிம்மை நிறுத்தும் பழக்கம், என் பார்வையில், அதைவிடப் பெரிய புதுமை. ஏனென்றால் அது கோல்கீப்பரை மூன்றாவது தடுப்பாட்டக்காரராக்கியது. 1987 டிசம்பர் 8 அன்று பிலடெல்ஃபியாவின் ரான் ஹெக்ஸ்டால், பாஸ்டனின் காலிக் கோலுக்குத் தானே வட்டை அடித்து அனுப்பினார். தேசிய லீகில் கோல்கீப்பர் ஒருவர் நேராக அடித்துப் போட்ட முதல் கோல் அது. பிறகு நியூ ஜெர்சியின் மார்ட்டின் ப்ரோடர் வந்தார். எதிரணி உள்ளே அடித்த வட்டெல்லாம் வந்த வேகத்தில் வெளியே போனது. அடித்து உள்ளே தள்ளும் உத்தியே அவர் முன்னால் பயனற்றுப் போயிற்று.

விதி மாறியது. 2005–06 பருவத்திலிருந்து தேசிய லீகில் வலைக்குப் பின்னால் ஒரு சரிவகம் வரையப்பட்டது. பின்சுவரோரம் 28 அடி, கோல் கோட்டோரம் 18 அடி; பின்னால் கோல்கோட்டில் 22 அடியாக அகட்டினார்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் அந்தச் சரிவகத்துக்கு வெளியே கோல்கீப்பர் வட்டைத் தொட்டால் இரண்டு நிமிட தண்டனை. மூலைகள் அவருக்கு மூடப்பட்டன. ஒரு விளையாட்டு தன் மைதானத்தில் கோடு போட்டு ஒருவரின் திறமையைக் கட்டிவைப்பது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் அந்தக் கோடுகளும் ஒன்றை ஒத்துக்கொண்டன: ரிம்மை நிறுத்துவதற்கு உகந்த இடம் வலைக்கு நேர் பின்னால்தான். அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

சுவர் போதும் என்று சொன்னேன். புனேயில் சக்கரக் காலணிப் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் சிலர் இன்லைன் ஹாக்கி ஆடுகிறார்கள். இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் கீழ் வரும் ஆட்டம். அங்கே வட்டு பிளாஸ்டிக், எடை குறைவு, தரையோடு ஒட்டி உரசாமல் இருக்கச் சின்னச் சின்ன முளைகள். ஐஸைப்போல் ஓடாது. ஆனால் மேலே பார்த்தவற்றில் மூலையின் கணக்கு ஐஸுக்கு உரியதல்ல, சுவருக்கு உரியது. ஆப்பு வடிவச் சந்து மட்டைக்கு உரியது. ஒரு முழ மெத்தை கைக்கு உரியது. டர்கோ பிடி தோளுக்கு உரியது. லோஹேகாவில் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் சுற்றுச்சுவர் வளையும் இடத்தில், ஒருவர் வட்டைச் சுவரோரம் விரட்ட, இன்னொருவர் பேட் கட்டிக்கொண்டு மட்டையைச் சுவரில் பதித்து நிறுத்தினால், இந்த வித்தையின் முக்கால்வாசியை ஐஸ் இல்லாமலே பழகலாம். சிமென்டில் வேகம் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் அருகிலிருந்து ஓங்கி அடிக்க வேண்டும். வட்டு காரைச் சுவரில் தேய்ந்து பாழாகும், அது கிடக்கட்டும். பழக முடியாதது காலணியின் நடை மட்டும். உருளும் சக்கரத்தில் ஐஸில் நிற்பதுபோல் சட்டென்று பக்கவாட்டில் சரிந்து நிற்க முடியாது.

நாட்டில் ஐஸ் உண்மையாக இருக்கும் இடத்தில் நிலைமை நேர்மாறு. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீரே தளமாகிவிடும். லடாக்கில் ஐஸ் ஹாக்கி ராணுவ வீரர்களோடும் உறைந்த குளங்களோடும் வளர்ந்தது. தகடுகளைப் பூட்ஸில் பொருத்திச் சறுக்கிய காலம் ஒன்று இருந்தது. இந்தியா 1989-இல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2016-இல் பெண்கள் அணி முதன்முறையாகத் தைபேயில் நடந்த ஆசிய சவால் கோப்பையில் ஆடியது. 2017-இல் பாங்காக்கில் தன் முதல் வெற்றிகளைக் கண்டது. அந்த அணியின் கோல்கீப்பர் நூர் ஜஹான், பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் தொழிலைச் செய்பவர். 2018 ஜனவரியில் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கு வந்து பயிற்சி கொடுத்தார். 2024-இன் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கி லேயில் நடந்தது. 2025 ஜூன் மாதம் அல் அய்னில் முடிந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம்.

இயற்கை ஐஸ் ஆண்டில் ஓரிரு மாதம்தான். உறைந்த குளத்தில் உயரமான, வழவழப்பான பலகைச் சுவர் இருப்பதில்லை. எல்லை தாழ்ந்த பலகையாகவோ ஒதுக்கிவைத்த பனிக்குவியலாகவோ இருந்தால் ரிம் என்ற அடியே பிறக்காது. சுவரோரம் விரட்டிய வட்டு பனியில் புதைந்துபோகும், அல்லது எல்லை தாண்டிப் பறந்துவிடும். அப்படிப்பட்ட தளத்தில் வளரும் கோல்கீப்பருக்கு நேர் எதிரே வரும் அடிகளைத் தடுப்பதில் கை தேர்ந்துவிடும். விரிசல் விட்ட ஐஸில் துள்ளி வரும் வட்டைக் கணிக்கும் கண்ணும் வாய்த்துவிடும். காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் கால்பங்குக்கு மேல் குறைவு என்பதால், பறந்து வரும் வட்டு அதிக வேகம் இழக்காமல் வருவதும் பழகியிருக்கும். ஆனால் வலைக்குப் பின்னால் போய்ப் பழகியிருக்க மாட்டார். போவதற்கு அங்கே ஒன்றும் வருவதில்லையே. முழு உயரப் பலகையும் கண்ணாடியும் உள்ள வெளிநாட்டு அரங்கில் முதல் ரிம் அவரைத் தாண்டிப் போகும்போது, குறை அவர் கையில் இல்லை, வளர்ந்த தளத்தின் விளிம்பில் இருக்கிறது.

அந்தக் குறையைத் தீர்க்க உறைபனி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கோடையில் லே நகரின் ஒரு பள்ளி முற்றத்தில் கால்வட்டமாக வளைத்து நிறுத்திய நான்கு அடி உயர பிளைவுட், கீழே வழுக்கும் பிளாஸ்டிக் தகடு, அடிக்க ஓர் ஆள். இதில் ஆறு மாதம் பழகிய கோல்கீப்பர் டிசம்பரில் ஐஸில் இறங்கும்போது, புதிதாகக் கற்கவேண்டியது அந்த மூன்று மீட்டர் சந்துக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது என்பது மட்டும்தான்.